லாப ஈவு மட்டும் போதுமா?

கெரியான் மண்ணில் ஒரு காலத்தில் கரும்பு விளைந்தது. அதன் பின் ரப்பர் வந்தது. ரப்பர் நின்ற இடம் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. பாகான் செராய் வட்டாரத்தில் பயிரும் மாறியது, முதலாளியும் மாறினார். மாறாதது ஒன்றுதான். அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வேர்வை சிந்திய தோட்டத் தொழிலாளியின் பெயரில் நிலப் பட்டா இல்லை.

இந்த நிலையை மாற்ற நம்மவர் எடுத்த பெருமுயற்சி ஒன்று உண்டு. அதுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். ஆனால் அதைப் பற்றி நாம் கேட்பதெல்லாம், "இந்த வருஷம் லாப ஈவு எத்தனை விழுக்காடு?" என்ற ஒரே கேள்விதான். அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் அது மட்டும் போதாது என்கிறேன்.

சங்கம் ஏன் பிறந்தது என்பதை இளைய தோழர்கள் அறிய வேண்டும். 1950ஆம் ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பல் ஏறின. வாங்கியவர்களில் பலர் பால் வெட்டுவதற்காக வாங்கவில்லை. முழுத் தோட்டத்தையும் துண்டு துண்டாக்கி விற்று, உடனே லாபம் காணவே வாங்கினார்கள். 100 ஏக்கருக்குக் குறைந்துவிட்டால், அது தோட்டக் கணக்கிலிருந்து விலகிச் சிறுதோட்டமாகிவிடும். துண்டு வாங்கியவருக்கு லயம் எதற்கு? ஆயாக்கொட்டகை எதற்கு? தமிழ்ப் பள்ளி எதற்கு? வேலை போனபோது வீடும் சேர்ந்து போயிற்று. மலாயாப் பல்கலைக்கழகத்து உங்கு அசீஸ் அவர்கள், 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து தனி அறிக்கையே எழுதினார் என்றால், கேடு எவ்வளவு பெரிது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

துண்டாடலைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று தொழிற்சங்கம் குரல் கொடுத்தது. ஆனால் சட்டம் வரும்வரை நிலத் தரகர் காத்திருப்பாரா? இந்த இடத்தில்தான் நமது பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் வேறொரு வழி கண்டார். "விற்கிறவன் விற்கட்டும், நாமே வாங்குவோம்" என்பதுதான் அந்த வழி. 1960இல் சங்கம் தோன்றியது. ஒரு பங்கு 100 வெள்ளி. பால்வெட்டுத் தொழிலாளியால் மொத்தமாகக் கட்ட முடியாது என்பதால், பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்றார்கள். தோட்டம் தோட்டமாகச் சென்று ஆள் சேர்த்தார்கள். 1961இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம், ஏறத்தாழ 3,000 ஏக்கர், தொழிலாளியின் கூட்டுச் சொத்தாயிற்று. அதன் பிறகு தோட்டம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஏழை சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், கம்பெனி நிலத்தை முழுசாக வாங்கியது! இதைவிடப் பெருமை வேறென்ன?

பின்னாளில் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவும் சேர்ந்தது. தோட்ட நிலம் கைமாறத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று அது சொல்கிறது. நல்லதுதான். ஆனால் அனுமதி கேட்டால் கிடைக்கவும் கூடும். சட்டம் விற்பனைக்கு ஒரு கதவு போடும். பூட்டுப் போட வேண்டியவர் நிலத்தின் சொந்தக்காரர்தான். கூட்டுறவு நிலத்தின் சொந்தக்காரர் யார்? நாம்தான்!

இனி கணக்குக்கு வருவோம். கணக்கெழுதும் கிராணி என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ரப்பர் கன்று நட்டால் கத்தி வைக்க ஆறேழு ஆண்டு ஆகும். செம்பனை குலை தள்ள மூன்று ஆண்டு ஆகும். இருபத்தைந்து ஆண்டு போனால் மரம் உயர்ந்து, குலை அறுப்பதே பெரும்பாடாகி, மறுநடவு செய்ய வேண்டும். அந்த ஆண்டுகளில் நிலம் பணம் தராது; உரமும் கூலியும் தின்னும். ஆகவே, நல்ல விலை வந்த ஆண்டில் கிடைத்த லாபத்தில் ஒரு பகுதியை மறுநடவுக்கு ஒதுக்கியே தீர வேண்டும். ஒதுக்காமல் அத்தனையும் லாப ஈவாகப் பிரித்துக்கொண்டால் என்ன ஆகும்? மரம் கிழடாகும், கையில் காசு இருக்காது. அப்போது வீடமைப்பு வியாபாரி விலை பேசிக்கொண்டு வருவான். நிலம் போவது அன்றைக்கல்ல. ஒதுக்க வேண்டியதை ஒதுக்காத ஆண்டிலேயே அது போய்விட்டது. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். இது வீட்டுச் செலவுக்குச் சொன்னது மட்டுமல்ல, கூட்டுறவுக்கும் சேர்த்துத்தான்.

எனவே அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஆண்டறிக்கையைக் கையில் எடுத்தவுடன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். சென்ற ஆண்டு நம்மிடம் எத்தனை ஏக்கர் இருந்தது, இந்த ஆண்டு எத்தனை? மறுநடவுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்? லாப ஈவு விளைச்சலில் வந்ததா, நிலம் விற்றதில் வந்ததா? கூட்டுறவில் 100 வெள்ளி போட்டவருக்கும் ஒரே வாக்கு, 10,000 வெள்ளி போட்டவருக்கும் ஒரே வாக்கு. பேராளர்கள் வழியாகக் கூட்டம் நடக்கிற பெரிய சங்கமானால், நாம் அனுப்பும் பேராளரிடம் இந்தக் கேள்விகளைக் கொடுத்து அனுப்புவோம்.

இன்னொன்று. தகரப் பெட்டிக்குள் அப்பாவின் பங்குப் புத்தகம் கிடக்கும், அப்பா காலமாகியிருப்பார், பிள்ளைக்கு விவரமே தெரியாது. வாரிசின் பெயரை எழுதி வைக்க கூட்டுறவுச் சட்டம் வழி செய்திருக்கிறது. உயிரோடிருக்கும் அங்கத்தினர் இன்றே எழுதட்டும். காலமானவர் பங்கை அவர் பிள்ளைகள் சென்று கேட்கட்டும். அங்கத்தினர் இறக்க இறக்க வாக்கும் இறந்தால், நிலத்துக்குக் காவல் யார்?

தொழிற்சங்கத்துக்கும் இதில் கடமை உண்டு. கூட்டுறவுத் தோட்டமானாலும் அங்கே உழைப்பவர் உழைப்பாளிதான். அவர் உள்நாட்டவராயினும் வெளிநாட்டவராயினும், கூலியும் குடியிருப்பும் முறையாகக் கிடைக்க வேண்டும். "நம் சங்கத்துத் தோட்டம்தானே" என்று நாம் வாய்மூடி இருக்கலாகாது. தொழிலாளியின் பணத்தில் வாங்கிய நிலம், தொழிலாளியை நடத்துவதில் மற்ற முதலாளிகளுக்கு வழிகாட்ட வேண்டாமா?

லாப ஈவு ஓராண்டுச் செலவுக்குக் கைகொடுக்கும். நிலம் நம் பேரப்பிள்ளை வரைக்கும் கைகொடுக்கும். பத்து வெள்ளி கட்டவே வயிற்றைக் கட்டிய பெரியவர்கள் நிலத்தை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அதைக் காக்க நம்மிடம் யாரும் வயிற்றைக் கட்டச் சொல்லவில்லை. கணக்கைப் படி, கூட்டத்துக்குப் போ, கேள்வி கேள் என்றுதான் சொல்கிறோம். இதையாவது செய்வோம், தோழர்களே!