பருவம் பார்த்து ஒரு வேண்டுதல்

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் விடியலில் உட்காரும்போதெல்லாம் யூதர்களின் அமீதா என்ற வேண்டுதல் நினைவுக்கு வரும். தினம் மூன்று வேளை நின்றபடி சொல்வது. குளிர்காலத்தில் மட்டும் காற்றையும் மழையையும் தருபவனைப் போற்றுவார்கள். கோடையில் வாய்தவறி மழையைச் சொல்லிவிட்டால் மறுபடி சொல்ல வேண்டும். இஸ்ரேலில் கோடைமழை பயிருக்குக் கேடு. கேட்பதற்கும் பருவம் உண்டு! எனக்கு அந்தக் கண்டிப்பு பிடிக்கும்.

இங்கே பசுவும் யானையும் நிற்க, விசுவரூப தரிசனத்தில் அரங்கனிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்கிறோம், நானும்தான். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்க வேண்டுமென்ற கவலையும் அவன் தலையில்தான். தரிசனம் முடிந்து போகிற வழியில் உய்யக்கொண்டான் வாய்க்காலில் பிளாஸ்டிக் பையை வீசுகிறோம். தண்ணீர் அவன் தரட்டும். பையை எடுக்கவும் அவனே வர வேண்டுமா?