பச்சிலைக்கும் அளவு உண்டு

“பச்சிலைதானே, என்ன செய்துவிடப் போகிறது?” என்று கேட்பவர்கள் உண்டு. “பாட்டி வைத்தியமெல்லாம் வெறும் மூடநம்பிக்கை” என்று ஒதுக்கித் தள்ளுபவர்களும் உண்டு. இரண்டு கட்சியாரும் தவறு செய்கிறார்கள் என்பதற்கு ஐரோப்பாவின் காட்டுச் செடி ஒன்றே போதுமான சாட்சி.

அச்செடியின் ஆங்கிலப் பெயர் ஃபாக்ஸ்குளோவ். நரியின் கையுறை என்று பொருள். பூ விரலில் மாட்டும் உறை போல இருப்பதால், 1542-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் இதற்கு ‘டிஜிடாலிஸ்’ என்று பெயரிட்டார். காட்டோரங்களிலும் வேலி ஓரங்களிலும் தானே முளைக்கும். முதல் ஆண்டில் தரையோடு இலைகள் மட்டும் விரியும். இரண்டாம் ஆண்டில் ஆள் உயரத்திற்குத் தண்டு எழும்பி, ஊதா நிறப் பூக்கள் வரிசையாகத் தொங்கும். நம் நீலகிரி, கொடைக்கானல் மலைத் தோட்டங்களிலும் இதை அழகுக்காக வளர்க்கிறார்கள்.

கிழவியின் மருந்து

ஐரோப்பிய நாட்டுப்புறத்தில் இதன் இலையை ஆறாத புண்ணுக்கும் கழுத்துக் கழலைக்கும் பயன்படுத்தினார்கள். உடலில் நீர் கோத்துக் கால் வீங்கும் நோய்க்கும் சிலர் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் ஷ்ராப்ஷையர் பகுதியில் ஒரு கிழவி, தன் குடும்பத்து இரகசிய மருந்தால் இந்த வீக்க நோயைக் குணப்படுத்தி வந்தாள். படித்த மருத்துவர்கள் கைவிட்ட நோயாளிகள்கூட அவளிடம் தேறினார்கள்.

1775-இல் அந்த மருந்தைப் பற்றி வில்லியம் விதரிங் என்னும் மருத்துவரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. அவர் செடிகளை நன்கு அறிந்தவர். அந்த மருந்தில் இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் ஒன்றுதான் என்று அவர் கண்டுகொண்டார்.

கிழவி சொன்னது என்று அவர் அலட்சியம் செய்யவில்லை. அவள் சொன்னதற்காக அப்படியே நம்பிவிடவும் இல்லை. பத்து ஆண்டுகள் சோதித்தார். தொடக்கத்தில் அளவு மிகுந்து நோயாளிகள் கடுமையாக வாந்தி எடுத்தார்கள். பிறகு அளவைப் படிப்படியாகக் குறைத்தார். பலித்தவற்றை மட்டுமல்லாமல் பலிக்காதவற்றையும் எழுதி, 1785-இல் புத்தகமாக வெளியிட்டார். அளவு மிஞ்சினால் வாந்தி, கழிச்சல், பார்வை மஞ்சளாகத் தெரிதல், நாடி தளர்தல், இறுதியில் மரணம் என்று ஒளிவு மறைவின்றி எச்சரித்தார்.

இலைக்கு இலை வேற்றுமை

விவசாயிகள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று அப்புத்தகத்தில் உண்டு. செடியின் எந்தப் பாகம், எந்தப் பருவம் என்பதைப் பொறுத்து மருந்தின் வீரியம் மாறுகிறது என்று விதரிங் கண்டார். எனவே இரண்டாம் ஆண்டில் பூக்கும் பருவத்து இலையை மட்டும் பறித்து, உலர்த்தி, பொடி செய்து, எடை போட்டுக் கொடுத்தார்.

இது உழவர்களுக்குப் புதிய செய்தியல்ல. கரும்பை எந்த மாதத்தில் வெட்டினாலும் ஒரே அளவு சர்க்கரை கிடைக்குமா? நிலக்கடலையை முற்றுவதற்கு முன் பிடுங்கினால் எண்ணெய் இருக்குமா? மூலிகைக்கும் அதே விதிதான். பறித்த இலையை மெதுவாக உலரவிட்டால், இலையிலுள்ள நொதிகளே மருந்துச் சத்தைச் சிதைத்துவிடுகின்றன. ஆகவே ஒருவருக்கு ஒரு கைப்பிடி இலை குணம் தந்தது என்பதற்காக, அடுத்தவருக்கும் அதே கைப்பிடி சரி என்று சொல்ல முடியாது.

இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டு மூலிகை வரத்து தடைப்பட்டதால், பிரிட்டனில் கிராமத்துப் பெண்கள் இந்தச் செடியின் இலையைச் சேகரித்துக் கொடுத்தார்கள். அந்த இலையும் நேரே நோயாளியிடம் போகவில்லை. மருந்துச் சாலையில் வீரியம் பார்த்த பிறகே மருந்தாயிற்று.

மருந்தும் நஞ்சும்

1930-இல் இதே இனத்தின் மற்றொரு செடியிலிருந்து ‘டிஜாக்சின்’ என்னும் பொருளைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அது இருதயத் துடிப்பை வலுப்படுத்துகிறது, வேகத்தைக் குறைக்கிறது. இருதயம் சீராக இயங்கினால் சிறுநீரகம் நீரை வெளியேற்றுகிறது. கிழவியின் நோயாளிகளுக்கு வீக்கம் வடிந்த காரணம் இதுவே.

வழக்கமான மாத்திரையில் உள்ள டிஜாக்சின் 0.25 மில்லிகிராம். அதாவது ஒரு கிராமை 4,000 பங்கு போட்டால் ஒரு பங்கு! குணம் தரும் அளவுக்கும் கேடு செய்யும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. இன்று வேறு பல மருந்துகள் வந்துவிட்டபோதிலும், சில இருதய நோயாளிகளுக்கு டாக்டர்கள் இதைக் கவனத்தோடு கொடுக்கிறார்கள்.

பூக்காத பருவத்தில் இதன் இலை காம்ஃப்ரி என்னும் மற்றொரு மூலிகையின் இலையைப் போலிருக்கும். அதுவென்று எண்ணி இதைக் கஷாயம் வைத்துக் குடித்து உயிரிழந்தவர்கள் உண்டு. காய்ந்த பின்னும் நஞ்சு போகாது. தீவனத்தில் கலந்தால் மாடுகளுக்கும் ஆபத்து.

நம் வேலியிலுள்ள பொன்னரளியிலும் இதைப் போன்ற இருதய நஞ்சே இருக்கிறது. டிஜாக்சின் நஞ்சை முறிக்கச் செம்மறியாட்டு இரத்தத்திலிருந்து தயாரிக்கும் மருந்து, இலங்கையில் பொன்னரளி நஞ்சு ஏறியவர்களுக்கும் பயன்பட்டது என்று 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அது விலை மிகுந்த மருந்து. எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைப்பதன்று.

செய்ய வேண்டியது என்ன?

கிராமத்து மூலிகை அறிவைக் கேலி செய்வது அறிவுடைமை ஆகாது. அந்தக் கிழவி இல்லாவிட்டால் விதரிங்கின் புத்தகமும் இல்லை. ஆனால் அவளுடைய பெயரைக்கூட யாரும் குறித்து வைக்கவில்லை. அறிவைத் தந்தவருக்குப் பெயரும் இல்லை, பங்கும் இல்லை என்ற அநீதி இனியும் நடக்கலாகாது.

ஆகவே ஊரில் மூலிகை தெரிந்த மூத்தோர் இருந்தால், அவர் சொல்வதை அவர் பெயரோடு எழுதி வைக்க வேண்டும். எந்தச் செடி, எந்தப் பாகம், எந்தப் பருவம், எவ்வளவு, யாருக்குக் கேடு செய்தது என்பவை அதில் இருக்க வேண்டும். மூலிகைப் பயிர் செய்பவர்கள் இனம் தவறாமல், பருவம் தவறாமல் பறித்து, முறையாக உலர்த்தி, வேறு இலை கலக்காமல் விற்க வேண்டும். இருதயம், சிறுநீரகம் சம்பந்தப்பட்ட நோய்க்கு வீட்டிலேயே பச்சிலை அரைத்துக் குடிப்பதை அறவே தவிர்க்க வேண்டும். மூச்சிரைப்போடு கால் வீங்கினால் உடனே டாக்டரிடம் போவதே முறை.

உரமானாலும் அளவோடு இடுகிறோம். பூச்சிமருந்தானாலும் அளந்து கலக்குகிறோம். பயிருக்குக் காட்டும் அந்தக் கவனத்தை உடம்புக்கும் காட்டுவது அவசியம்.