பாலம் விழுந்தும் மூடாத துறைமுகம்: ஒரு பழைய எஃகாலையின் கதை

2024 மார்ச் 26. அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் ‘டாலி’ என்ற சரக்குக் கப்பல் மோதிப் பெரிய பாலமே இடிந்து விழுந்ததே, ஞாபகம் இருக்கிறதா?

சிங்கப்பூர்க் கொடியுடன் கொழும்புக்குக் கிளம்பிய கப்பல் அது. பாலத்தில் சாலையைப் பழுதுபார்த்துக் கொண்டிருந்த 6 ஊழியர்கள் மாண்டனர்.

துறைமுகத்தின் பெரும்பகுதிக்குக் கப்பல்கள் போக முடியவில்லை. நீர்வழி முழுமையாகத் திறக்கச் சுமார் 11 வாரம் ஆனது.

ஆனால் ஸ்பேரோஸ் பாயிண்ட் மட்டும் தொடர்ந்து இயங்கியது. பாலத்தைத் தாண்டிக் கடல் பக்கம் இருப்பதே காரணம். கார் ஏற்றிவந்த கப்பல்கள் அங்கே திருப்பிவிடப்பட்டன.

அங்கே முன்பு என்ன இருந்தது?

எஃகாலை.

1887இல் பென்சில்வேனியா ஸ்டீல் நிறுவனம் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது. கியூபாவின் இரும்புத் தாது கப்பலில் ஆலை வாசலுக்கே வந்து இறங்கும். அதுதான் கணக்கு.

1916இல் பெத்லஹெம் ஸ்டீல் அதை வாங்கியது. 1950களின் இறுதியில் அது உலகின் ஆகப் பெரிய எஃகாலை. சுமார் 30,000 பேர் வேலை செய்தனர்.

அப்புறம் என்ன ஆச்சு?

• மலிவான இறக்குமதி எஃகு குவிந்தது
• பழைய இரும்பை உருக்கும் சிறிய ஆலைகள் விலையில் முந்தின
• ஓய்வூதியச் செலவு ஏறியது

2001இல் பெத்லஹெம் நொடித்துப்போனது. ஆலை பலமுறை கைமாறி 2012இல் மூடப்பட்டது.

யாருக்கு நஷ்டம்?

பணியில் இருந்தவர்களுக்கு மட்டுமல்ல. 2003இல் பெத்லஹெமின் ஓய்வுபெற்ற ஊழியர்களும் குடும்பத்தாருமாக ஏறக்குறைய 95,000 பேர் மருத்துவக் காப்புறுதியை இழந்தனர். ஓய்வூதியத்தை அரசாங்கக் காப்பு அமைப்பு ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு உச்சவரம்பு உண்டு; சிலருக்குத் தொகை குறைந்தது.

இப்போது?

சுமார் 3,300 ஏக்கர் நிலம் ‘டிரேட்பாயிண்ட் அட்லாண்டிக்’ என்ற தளவாட மையமாகிவிட்டது. அமேசான், ஃபெட்எக்ஸ் கிடங்குகள் வந்துவிட்டன.

வேலைகள் திரும்பின, உண்மைதான். ஆனால் எஃகாலையில் தொழிற்சங்கம் பேசி வாங்கித் தந்த சலுகைகள் அவற்றோடு தானாகத் திரும்பி வரவில்லை.

நமக்கு என்ன பாடம்?

நாமும் கப்பல்களை நம்பி வாழ்பவர்கள். ஆலை போனாலும் ஆழமான நீருக்கு மதிப்புக் குறையவில்லை. அடுத்த தொழில் அதைத் தேடி வந்தது. 30 வருஷம் உழைத்தவருக்குக் கொடுத்த வாக்குறுதி அப்படியில்லை. நிறுவனம் கவிழ்ந்தால் அதுவும் கவிழும். அதனால்தான் ஓய்வுக்காலச் சேமிப்பு யார் கையில் இருக்கிறது என்பது முக்கியமான கேள்வி.