அயலூர் மைதானமும் அணியின் பின் செல்வாரும்

தன் ஊருக்கு யானை, அயலூருக்குப் பூனை என்பது எம்மவர் பழமொழி. விளையாட்டுத் துறையில் இதன் உண்மையை அறியாதார் இலர். சொந்த மைதானத்திலே, சொந்த மக்களின் ஆரவாரத்திடையே யானையென நடைபோடும் அணி, அயலூர் மைதானத்திற் கால் வைத்ததும் ஒடுங்கிவிடுவதை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கின்றோம். ஆயினும் அந்தப் பூனையின் பின்னாலும் ஒரு சிலர் செல்கின்றனர். கழகமோ கல்லூரியோ, ஒரு நிறுவனம் உண்மையில் யாருடையது என்ற வினாவுக்கு விடை காண விரும்புவோர் வெற்றி விழாவிற் கூடுவோரைப் பார்த்தல் போதாது. அயலூர் வரை உடன்செல்லும் இச்சிலரைப் பார்த்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் கூற விழையும் கருத்து.

இதற்குச் சான்றாக உதைபந்தாட்டத்தின் தாயகமாகிய இங்கிலாந்தையே எடுத்துக்கொள்வோம். அந்நாட்டில் 1850 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளிற் பெண்களுக்கும் இளைஞருக்கும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணியோடு வேலையை முடித்தது. நாளடைவில் ஏனைத் தொழிலாளரும் அவ்வரைநாள் ஓய்வைப் பெற்றனர். அந்த ஓய்வே உதைபந்தாட்டத்துக்கு ஆட்டக்காரரையும் பார்வையாளரையும் ஒருங்கே தந்தது. புகைவண்டிப் பாதைகளோ ஓர் ஊர் அணி மற்றோர் ஊர் சென்று ஆடுதற்கு வழி திறந்தன. 1888 ஆம் ஆண்டில் 12 கழகங்கள் கூடி லீக் அமைப்பைத் தோற்றுவித்தன. இன்று மேல் நான்கு பிரிவுகளில் மட்டும் 92 கழகங்கள் உள்ளன. அவற்றுக்குக் கீழே படிப்படியாகப் பல பிரிவுகள் இறங்கிச் செல்கின்றன.

1992 ஆம் ஆண்டில் தொடங்கிய பிறீமியர் லீக்கை எம் நாட்டுச் சிறுவரும் நன்கறிவர். அதன் அணிகளின் சட்டைகளை எம் குச்சொழுங்கைகளிலும் காணலாம். ஆனால் அது கோபுரத்தின் கலசம் மாத்திரமே. கலசத்தைத் தாங்கும் கோபுரமும், கோபுரத்தைத் தாங்கும் அடித்தளமும் கீழ்ப்பிரிவுக் கழகங்களே. அங்கு ஆடுவோருட் பலர் வார நாள்களில் வேறு தொழில் செய்து பிழைப்போர். அவர்தம் ஆட்டத்தில் நுட்பம் குறைவு, சேறு மிகுதி. அவ்வாட்டத்தைக் காண நூற்றுக்கணக்கான மைல் பயணஞ் செய்வோர் உளர் என்றால், அதன் காரணம் ஆராய்தற்குரியதன்றோ?

அப்பயணத்தின் தன்மையைச் சிறிது நோக்குவோம். 2025-26 பருவத்தில், ஐந்தாம் பிரிவாகிய நாஷனல் லீக்கில், தென்மேற்குக் கோடியிலுள்ள துறூரோ நகரக் கழகமும் ஸ்கொத்லாந்து எல்லையருகே உள்ள கார்லைல் கழகமும் ஒன்றாக இடம்பெற்றன. இவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட சாலைத் தூரம் 400 மைலுக்கு மேல். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 250 மைல் என்பதை நினைந்தால் இதன் கடுமை விளங்கும். விடியுமுன் பஸ்ஸில் ஏறி, நண்பகல் கழிந்து சென்றடைந்து, ஒன்றரை மணி நேர ஆட்டத்தைக் கண்டு, மீண்டும் இரவெல்லாம் பயணஞ் செய்து வீடு சேர வேண்டும். செவ்வாய்க்கிழமை இரவில் ஆட்டமெனின் மறுநாட் காலை வேலைக்கும் செல்ல வேண்டும்.

சென்றடைந்த இடத்தில் வரவேற்பும் இல்லை. மைதானத்தின் ஒரு மூலையை வந்தோருக்கென ஒதுக்கியிருப்பர். பல மைதானங்களில் அம்மூலைக்குக் கூரை இராது. மார்கழிக் காற்றும் மழையும் தாராளமாக இருக்கும். சுற்றியுள்ள கூட்டம் முழுவதும் மாற்றாருடையது. மத்தியஸ்தரின் ஊதுகுழலும் பெரும்பாலும் மாற்றாருக்கே சாதகமாக ஒலிப்பதாக அவர்களுக்குத் தோன்றும். அணியோ பெரும்பாலும் தோற்கும். ஆட்டம் முடிந்ததும் தோற்ற வீரர் அம்மூலையை நோக்கி நடந்து வந்து, நின்றிருக்கும் நூறு இருநூறு பேருக்குக் கை தட்டுவர்; அவர்களும் பதிலுக்குக் கை தட்டுவர். தோல்வியைப் பகிர்ந்துகொள்ளும் அந்தச் சிறு நிகழ்ச்சியே அவர்கள் பெற்ற பயன்.

இதனைப் பைத்தியம் என்பாரும் உளர். வீட்டிலே நாற்காலியில் அமர்ந்து உலகின் தலைசிறந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியிற் காணும் வசதியிருக்க, மழையில் நனைந்து மட்டமான ஆட்டத்தைப் பார்ப்பானேன் என வினவுவர். வினா நியாயமானதே. இங்கிலாந்தின் உதைபந்தாட்ட ஆட்சியாளரும் இவ்வசதியின் வலிமையை அறிந்தே, சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை எவ்வாட்டத்தையும் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டலாகாது என்ற ஏற்பாட்டை 1960 களிலிருந்து காத்து வந்துள்ளனர். சிறு கழகங்களின் வாயிலிற் கூட்டம் குறையாதிருத்தற் பொருட்டே இவ்வேலி. ஆனால் வேலி கட்டி மக்களை வீட்டினின்றும் வெளியேற்றலாமேயன்றி, 400 மைல் அனுப்ப முடியாது. அனுப்புவது வேறொன்று.

அது யாதெனின், உரிமையுணர்ச்சி. நல்ல ஆட்டத்தை நாடுவோன் ஒரு பொருளை வாங்கும் வாடிக்கைக்காரன். பொருள் கெட்டால் கடையை மாற்றுவான். அயலூர் செல்வோன் பொருள் வாங்கச் செல்வதில்லை. நோயுற்ற உறவினரைப் பார்க்கச் செல்வான் எவ்வாறு ஆஸ்பத்திரியின் அழகை நோக்குவதில்லையோ, அவ்வாறே இவனும் ஆட்டத்தின் அழகை நோக்குவதில்லை. அங்கு தான் இருத்தல் வேண்டும் என்பதே அவன் எண்ணம்.

இவ்வுணர்ச்சி வெறும் உணர்ச்சியோ, அன்றி ஒரு கழகத்தை ஆக்கவும் காக்கவும் வல்ல சக்தியோ என்பதை விம்பிள்டன் வரலாறு காட்டும். விம்பிள்டன் என்றதும் எம்மவர்க்கு ரெனிஸ் ஆட்டமும், 1981 ஆம் ஆண்டில் அங்கு அமைந்த கணபதி ஆலயமும் நினைவுக்கு வரும். அவ்வாலயத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்திலேயே பிளவ் லேன் மைதானம் உள்ளது. 1889 இல் தோன்றிய விம்பிள்டன் உதைபந்தாட்டக் கழகம் 1977 இலேதான் லீக்கினுட் புகுந்தது. பதினொரு ஆண்டுகளின் பின், 1988 மே 14 இல், எவ். ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் லிவர்பூலை ஒன்றுக்குப் பூச்சியமாக வென்றது. லோறி சான்செஸ் அடித்த கோலும், ஜோன் ஓல்ட்றிஜ்ஜின் தண்ட உதையைத் தலைவரும் கோல் காப்பாளருமாகிய டேவ் பெசன்ற் தடுத்ததும் அவ்வாட்டத்தின் நினைவுச் சின்னங்கள்.

ஆனால் 1991 இல் அக்கழகம் பிளவ் லேனை விட்டு அயற் கழகமொன்றின் மைதானத்தில் ஒண்டுக்குடியாயிற்று. உரிமையாளர்கள் பண நட்டத்தையும் சொந்த மைதானமின்மையையும் காரணங் காட்டி, ஐம்பது மைலுக்கு அப்பாலுள்ள மில்ரன் கீன்ஸ் நகருக்குக் கழகத்தையே பெயர்த்துச் செல்ல விரும்பினர். மூவர் கொண்ட குழு 2002 மே 28 இல் இருவர்க்கு ஒருவராக அதற்கு இசைவு தந்தது. வியாபார நியாயம் அவர்களிடம் இருந்திருக்கலாம். கழகத்தின் பத்திரமும் வீரரும் லீக்கிற் பெற்ற இடமும் புதிய ஊருக்குச் சென்றன. மக்கள் செல்லவில்லை.

அம்மக்கள் செய்ததே வியத்தற்குரியது. சில நாள்களுள் ஏ. எவ். சி. விம்பிள்டன் என்ற புதுக் கழகத்தைத் தாமே நிறுவினர். விம்பிள்டன் பொதுவெளியில் ஜூன் மாத இறுதியில் வீரரைத் தெரிய அழைப்பு விடுத்தனர். இருநூறுக்கு மேற்பட்டோர் வந்தனர். ஒன்பதாம் படியெனக் கணிக்கப்பெறும் ஒரு வட்டார லீக்கில் இடங் கிடைத்தது. 2002 ஓகஸ்ற் 17 இல் முதல் லீக் ஆட்டம். அதுவும் சொந்த மைதானத்திலன்று. சான்ட்ஹேர்ஸ்ற் என்னும் சிற்றூரில். அத்தகைய மைதானங்களில் நூறு பேர் கூடுவதே அரிது. அன்று 2,449 பேர் திரண்டனர். ஆட்டத்தை விம்பிள்டன் இரண்டுக்கு ஒன்றாக வென்றது. கிண்ண இறுதியாட்டம் கண்ட கழகத்தின் அன்பர், பதினான்கு ஆண்டுகளின் பின் ஊர்ப்புற மைதானமொன்றைச் சூழ்ந்து நின்றபோது, தாம் எதனையும் இழக்கவில்லை என்று உலகுக்கு அறிவித்தனர். அக்கழகம் 2011 இல் லூற்றன் அணியைத் தண்ட உதைகளில் வென்று லீக்கின் நான்காம் பிரிவினை அடைந்தது. 2020 நவம்பர் 3 இற் பிளவ் லேனில் எழுந்த புது மைதானத்தில் முதலாட்டம் ஆடியது. அம்மைதானத்தின் பணமுடையைத் தீர்க்கவும் அன்பர்களே கடனாகப் பணந் திரட்டிக் கொடுத்தனர். இன்றும் கழகத்தின் பெரும்பங்கு அவர்கள் கையிலேயே உள்ளது.

இக்கதை எமக்குப் புதியதன்று. விளையாட்டின் இழப்பையும் போரின் இழப்பையும் ஒரே தராசில் நிறுக்க நாம் துணியோம். எனினும் ஓர் ஒப்புமை தவிர்க்க இயலாதது. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இரவோடிரவாகப் பெயர்ந்தபோது, எம் பாடசாலைகளின் கட்டடங்கள் பின்னே நின்றன. ஆசிரியரும் மாணவரும் சென்ற இடத்தில், பிறர் பாடசாலைகளிற் பிற்பகல் நேரம் பெற்று, இடம் போதாவிடத்து மரநிழலிலே வகுப்பு நடத்தினர். அன்று பாடசாலை இருந்தது பூட்டிய மண்டபத்திலா, மர நிழலிலா? விடை கூற வேண்டியதில்லை.

அணியின் பின் செல்லும் பற்றுக்கு இருண்ட பக்கமும் உண்டென்பதை மறைத்தல் தகாது. 1985 மே 29 இற் பிறஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில், லிவர்பூல் அன்பர் சிலர் எதிரணியினரின் பகுதியை நோக்கிப் பாய்ந்ததன் விளைவாகச் சுவர் இடிந்து 39 உயிர்கள் மாய்ந்தன. தன் அணியை நேசிப்பதற்கு மாற்றணியை வெறுத்தல் வேண்டும் என எண்ணுவோன், அயலூரில் தான் விருந்தினன் என்பதை மறந்தவன். இன்னும் சிலர், அன்பு மட்டும் கழகத்தைக் காக்காது, பணமும் வேண்டும் என்பர். உண்மையே. 1894 முதல் லீக்கில் இருந்து, 1900 இலும் 1903 இலும் எவ். ஏ. கிண்ணம் வென்ற பெறி கழகம், நிருவாகச் சீர்கேட்டால் 2019 ஓகஸ்ற் 27 இல் லீக்கினின்றும் நீக்கப்பட்டது. அன்பரின் அன்பு அன்று அதனைத் தடுக்கவில்லை. ஆனால் 2023 இல் அப்பெயரை மீண்டும் அதன் பழைய மைதானத்திற்குக் கொண்டுவந்தவர் அவர்களே. இத்தகைய அனுபவங்களின் பயனாகவே 2025 ஆம் ஆண்டு உதைபந்தாட்ட நிருவாகச் சட்டம் பிறந்தது. கழகத்தின் முக்கிய காரியங்களில் அன்பரைக் கலந்துகொள்ளுமாறு அது உரிமையாளரைப் பணிக்கின்றது. மழையில் நின்றோரின் உரிமையைச் சட்டமே ஏற்கக் காலம் இத்தனை ஆயிற்று.

இனி, எம் கல்லூரிக்கு வருவோம். பெரும் போட்டி நாளிற் பழைய மாணவர்க்குக் குறைவில்லை. மைதானம் நிரம்பி வழியும். பாண்ட் வாத்தியம் முழங்கும். கடல் கடந்தும் வருவர். அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பதினைந்து வயதுக்குட்பட்ட அணி அதிகாலையிற் பஸ் ஏறி, மன்னாரிலோ முல்லைத்தீவிலோ நண்பகல் வெயிலில் ஆடி, தோற்று, இரவில் திரும்புகையில், உடன் சென்றோர் யாவர்? பொறுப்பாசிரியர் ஒருவர், இரண்டொரு பெற்றோர். புலம்பெயர்ந்து வாழும் எம் சகோதரர் அனுப்பும் நிதியால் மண்டபங்கள் எழுகின்றன, சீருடைகள் வருகின்றன. அந்நன்றியை நாம் மறவோம். ஆயினும் சட்டை வாங்கிக் கொடுத்தவனைச் சிறுவன் ஒரு நாள் மறந்துவிடுவான். தான் தோற்ற நாளில் வேலியோரம் நின்று கை தட்டியவனை அவன் முதுமையிலும் மறக்கமாட்டான்.

ஆதலின், நாம் கேட்பது பெரிய காரியமன்று. பழைய மாணவர் சங்கக் கிளை ஒவ்வொன்றும், தன் மாவட்டத்திற் கல்லூரியின் எந்த அணி வந்து ஆடினாலும், எவ்வளவு சிறிய ஆட்டமாயினும், ஐந்து பேரையேனும் மைதானத்துக்கு அனுப்புதல் வேண்டும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ளோர் விடுமுறைக்கு ஊர் வருங்கால், தம் நாட்குறிப்பில் கோயில் திருவிழாவுக்கு ஒரு நாளும் கல்லூரிச் சிறுவரின் வெளியூர் ஆட்டத்துக்கு ஒரு நாளும் குறித்துக்கொள்வாராக. இன்றைய மாணவரும், தாம் இடம்பெறாத அணியோடு ஒரு முறையேனும் பயணஞ் செய்வாராக.

கல்லூரியின் அடுத்த விழாவிற் புதுக் கட்டடங்கள் எத்தனை எழுந்தன என எண்ணுவார் பலர் இருப்பர். அயலூர் மைதானத்தின் மூலையில் எம்மவர் எத்தனை பேர் நின்றனர் என எண்ணுவாரும் ஒருவர் இருத்தல் வேண்டும். அவ்வெண் வளருமாயின் கல்லூரியின் எதிர்காலம் பற்றி நாம் அஞ்ச வேண்டுவதில்லை. கல்லூரித் தாய் நீடு வாழ்க!