பீரோவில் தூங்கும் கம்பெனி டி-ஷர்ட்... போர்வையானால் எப்படி இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் பக்கம் மொட்டை மாடிகளை அண்ணாந்து பார்த்தால் போதும். சுற்று வட்டாரத்தில் எத்தனை கம்பெனிகள் இருக்கின்றன என்று கொடிக்கயிறே சொல்லிவிடும். பாதுகாப்பு வாரத்துக்குக் கொடுத்த மஞ்சள், விளையாட்டுப் போட்டிக்குக் கொடுத்த நீலம், ஆண்டு விழாவுக்குக் கொடுத்த வெள்ளை. நெஞ்சில் லோகோ, முதுகில் டீம் பெயர், ஓரத்தில் வருடம்.

இந்த டி-ஷர்ட்களின் ஜாதகம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். முதல் வருடம் வெளியே போட்டுக்கொள்ள, இரண்டாம் வருடம் ராத்திரி தூங்க, மூன்றாம் வருடம் பைக் துடைக்க. அப்புறம் அடுப்படியில் கரித்துணி.

அதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். இந்தப் பகுதியின் பல ஆலைகளில் உற்பத்திப் பிரிவுக்குள் செல்போன் கொண்டுபோக அனுமதி இல்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதில் வெளியூரிலிருந்து வந்து, மூன்று ஷிஃப்டிலும் மாறி மாறி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் ஒரு பெண்ணிடம், வேலை செய்த இடத்தில் எடுத்த போட்டோ ஒன்றுகூட இருக்காது. அடையாள அட்டையை வாங்கிக்கொள்வார்கள், யூனிஃபார்மையும்தான். மிஞ்சுவது சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், அப்புறம் இந்த டி-ஷர்ட்கள்.

கம்பெனியே போய்விடுவதும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் என்றாலே நோக்கியா என்று இருந்த காலம் நினைவிருக்கிறதா? 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை அது. ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்கு அதுதான் முதல் சம்பளம். 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. பிறகு அந்த வளாகத்தை சால்காம்ப் வாங்கியது, போர்டு மாறிவிட்டது. அன்று அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்கு நோக்கியா என்பது பாட்டி வைத்திருக்கும் பட்டன் போன், அவ்வளவுதான்.

இப்போது வந்துகொண்டிருப்பது அடுத்த தலைமுறை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டித் திறந்த பணியாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 படுக்கைகள். அத்தனை படுக்கைக்கும் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் ஒன்றிரண்டு டி-ஷர்ட்டாவது இல்லாமல் இருக்காது.

அமெரிக்காவில் இப்படிச் சேரும் பள்ளி, கல்லூரி, விளையாட்டு டீம் டி-ஷர்ட்களைச் சதுரமாக வெட்டி இணைத்துப் போர்வையாக்குவது பெரிய வழக்கம். டி-ஷர்ட் குயில்ட் என்று பெயர். உடுத்திய துணியை நினைவாகத் தைப்பதன் கனமான உதாரணமும் அங்கேயே இருக்கிறது. எய்ட்ஸால் இறந்தவர்களுக்காக 1987 அக்டோபரில் வாஷிங்டனில் விரிக்கப்பட்ட நினைவுக் குயில்ட்டில் 1,920 துண்டுகள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி. இறந்தவரின் உடைகளையே வைத்துத் தைத்த துண்டுகள் அதில் நிறைய.

நமக்கும் இது புதிதல்ல. பழைய பருத்திச் சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டு, பிறந்த குழந்தைக்கு விரித்த பாட்டிகள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். வங்காளத்தின் காந்தா, வட கர்நாடகத்துச் சித்திப் பெண்களின் கவந்தி எல்லாம் அதே குடும்பம். சென்னையில் 2019 ஜனவரியில் இந்திய குயில்ட் திருவிழாவே நடந்தது.

சேலைக்கும் டி-ஷர்ட்டுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். சேலை தறியில் நெய்தது, டி-ஷர்ட் பின்னிய துணி. இழுத்தால் நீளும். அப்படியே வெட்டித் தைத்தால் ஓரம் சுருளும், சதுரம் கோணும், லோகோ சிரிக்கும்! இதைச் சமாளிக்க, பிளவுஸ் கழுத்துக்கு வைக்கிற ஒட்டு கேன்வாஸில் மெல்லிய ரகமாகப் பார்த்து வாங்குங்கள். டி-ஷர்ட்டை முதலில் 15 அங்குலச் சதுரமாகப் பெரிதாகவே வெட்டிக்கொண்டு, உள்பக்கம் கேன்வாஸ் வைத்து இஸ்திரி போட வேண்டும். பிரின்ட் மேல் இஸ்திரிப்பெட்டி நேரடியாகப் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். நடுவே ஒரு துணி அவசியம். ஆறிய பிறகே பன்னிரண்டரை அங்குலமாக நறுக்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால், அதாவது முதலிலேயே அளவாக வெட்டிவிட்டு அப்புறம் ஒட்டினால், இருபது சதுரமும் இருபது அளவில் வரும்.

நாலு வரிசை, வரிசைக்கு ஐந்து என்று 20 டி-ஷர்ட், சுற்றியும் நடுவிலும் இரண்டு அங்குலப் பட்டை வைத்தால் 58-க்கு 72 அங்குலம். ஒருவர் போர்த்திக்கொள்ள இது தாராளம். ஒன்பதுதான் இருக்கிறதா? 44 அங்குலச் சதுரம் வரும். குழந்தைக்குப் போதும். முதுகுப்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். சுவாரசியமான எழுத்தெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அடுத்ததுதான் கஷ்டமான கட்டம். மேலே டி-ஷர்ட், நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் பருத்தித் துணி என மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும். வீட்டுத் தையல் மெஷினில் ஊசிக்கும் மெஷின் உடம்புக்கும் நடுவே ஏழெட்டு அங்குலம்தான் இடைவெளி. இத்தனை பெரிய போர்வையைச் சுருட்டி அதற்குள் திணித்து நகர்த்துவது குஸ்திதான்.

இதற்காகவே பிறந்தது லாங்-ஆர்ம் மெஷின். பெயருக்கு ஏற்ற நீளக் கை. பதினெட்டு அங்குலம் தொடங்கி அதற்கு மேலும் இருக்கும். பத்துப் பன்னிரண்டு அடி நீளச் சட்டத்தில் உருளைகள் துணியை விறைப்பாகப் பிடித்திருக்கும். இங்கே துணி நகராது, மெஷினின் தலைதான் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓடும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பலகையில் சாக்பீஸால் கோலம் போடுவது போல நின்றபடி வரையலாம். கை வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் தையல் நீளம் ஒரே மாதிரி விழ சென்சார் உண்டு. சட்டத்தில் மாட்டுவதற்காக அடித்துணி நாலு பக்கமும் நாலு அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும்.

அதற்கும் டி-ஷர்ட்டிடம் ஒரு மரியாதை உண்டு. ரப்பர் போன்ற பிரின்டில் ஊசி குத்திய ஓட்டை மூடாது. நெருக்கமான டிசைன் போட்டால் எழுத்து சல்லடையாகிவிடும். பெரிய பெரிய வளைவாக, இடம் விட்டு ஓட்டச் சொல்லுங்கள். பின்னல் துணிக்கான மழுங்கிய முனை ஊசி நல்லது.

வீட்டுத் தையலுக்காக யாரும் இத்தனை பெரிய மெஷின் வாங்க மாட்டார்கள், வாங்கவும் வேண்டாம். மேல்பகுதியை நீங்கள் இணைத்துவிட்டு, குயில்டிங்கை மட்டும் மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுப்பதுதான் வெளிநாட்டிலும் வழக்கம். செலவு வேண்டாம் என்றால் பாட்டி வழி இருக்கவே இருக்கிறது. தடித்த நூலால் நாலு அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. நம்ம ஊர் வெயிலுக்குப் பஞ்சுகூடத் தேவையில்லை. நடுவில் ஒரு பழைய பருத்திச் சேலை போதும்.

வெட்டும் முன் இரண்டு விஷயம். திருப்பித் தர வேண்டிய யூனிஃபார்மில் கத்தரி வைக்காதீர்கள்; பரிசாகத் தந்தவை மட்டும். அப்புறம், ஒவ்வொன்றையும் விரித்து வைத்து ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். முதல் வெட்டுக்குக் கை நடுங்கும். அதனால் அதிகம் பிடிக்காத டி-ஷர்ட்டில் ஆரம்பிப்பது புத்திசாலித்தனம்.

தைத்து முடித்ததும் பின்பக்க மூலையில் உங்கள் பெயர், சேர்ந்த தேதி, கடைசியாகப் பஞ்ச் வைத்த தேதி மூன்றையும் எழுதுங்கள். பேனாவில் வேண்டாம், நாலு துவைப்பில் போய்விடும். நூலில்!