இயந்திரம் தரும் போனஸ்

போனஸ் என்ற சொல்லைக் கேட்டால் தொழிலாளியின் முகம் மலரும். ஆண்டு முழுவதும் விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நின்று, நிரை நிரையாக மரம் வெட்டி, மழையையும் கொசுக்கடியையும் பொறுத்துப் பாடுபட்ட ஆணும் பெண்ணும் பெறும் உரிமை அது. பிள்ளைகளுக்குத் தீபாவளித் துணி வருவதும் அதனால்தான். கடைக்காரர் புத்தகத்தில் நிற்கும் கடன் குறைவதும் அதனால்தான். யாரும் இரக்கப்பட்டு ஈந்ததல்ல. கேட்டும் பேசியும் போராடியும் பெற்றது.

இந்த நல்ல சொல்லைச் சூதாட்ட இயந்திரம் இன்று திருடிக்கொண்டு போய்த் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "போனஸ் சுற்று" என்று அது கூவி அழைக்கிறது. அது எத்தகைய போனஸ் என்பதை நம் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இந்த இயந்திரத்தின் பாட்டன் 1890-களில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தான். சார்லஸ் ஃபே என்பவர் செய்த அந்தப் பெட்டியில் மூன்று சக்கரங்கள். பக்கத்தில் ஒரு கைப்பிடி. இழுத்தால் சக்கரம் சுழலும், நிற்கும். இன்றைய இயந்திரத்தில் சக்கரம் வெறும் படம். பொத்தானை அழுத்திய நொடியிலேயே உள்ளே இருக்கும் கணினி ஓர் எண்ணைக் குலுக்கி முடிவு செய்துவிடும். கணினி குலுக்கும் எண்ணே சக்கரம் நிற்கும் இடத்தைத் தீர்மானிக்கும் முறைக்கு அமெரிக்காவில் 1984-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. சக்கரம் சுழல்வது நம் கண்ணுக்காக நடக்கும் கூத்து.

1996-இல் அமெரிக்கச் சூதாட்டக் கூடங்களுக்கு ஒரு புது வகை வந்தது. திரையில் ஏரியும் படகும் தெரியும். போனஸ் விழுந்தால் மீனவர்களில் ஒருவரை ஆடுபவரே தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் பிடிக்கும் மீனுக்கேற்பப் பணம். அதுவரை பொத்தானை அழுத்திவிட்டுச் சும்மா பார்த்திருந்தவர், இனித் தாமே விளையாடுவதாக எண்ணத் தொடங்கினார். பிறகு பெட்டி திறப்பது, பானை உடைப்பது, பெருஞ்சக்கரம் சுழற்றுவது, இலவசச் சுற்று என்று நூறு வேடங்கள் வந்தன.

இந்த இலவசத்துக்குப் பணம் கொடுப்பவர் யார்? கிராணிமார்கள் பென்சிலை எடுத்துக் கணக்குப் பார்க்கட்டும். நூறு வெள்ளி உள்ளே போனால், நீண்ட காலச் சராசரியில் 92 வெள்ளி திரும்பி வரும்படி அமைத்த இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்த 92-இல் 60 வெள்ளி சாதாரணச் சுற்றில் வரும். 32 வெள்ளி போனஸ் சுற்றில் வரும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 32 வெள்ளி எங்கிருந்து வந்தது? சாதாரணச் சுற்றில் தராமல் பிடித்துவைத்த காசு அது! நம் பணத்தையே பிடித்துவைத்து, மேளம் கொட்டி, விளக்குப் போட்டு, நமக்கே போனஸ் என்று கொடுக்கிறது இயந்திரம். மீதி எட்டு வெள்ளி முதலாளியின் பைக்குப் போகிறது.

எட்டுத்தானே என்று எண்ணிவிடக் கூடாது. சுற்றுக்கு ஒரு வெள்ளி, நிமிடத்துக்குப் பத்துச் சுற்று என்றால் மணிக்கு 600 வெள்ளி உருளும். நூற்றுக்கு எட்டு வீதம் மணிக்கு 48 வெள்ளி போகும். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக்கப்பட்டது. 26 நாளுக்குப் பகுத்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி சொச்சம். பகலெல்லாம் உழைத்த கூலி, மெத்தென்ற நாற்காலியில் ஒரு மணி இருபது நிமிடத்தில் கரைந்துபோகும்! வென்றவரே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அவர் வென்றதும் அந்த 92-க்குள் அடக்கம். அவர் பெற்றது பலர் இழந்தது.

"நான் பெட்டியைப் பார்த்துத்தான் தொடுகிறேன், எனக்கு ராசி உண்டு" என்பார் சிலர். இங்கேதான் பொறி இருக்கிறது. சில இயந்திரங்களில் நாம் தொடுமுன்பே பரிசு முடிவாகிவிடுகிறது. வேறு சிலவற்றில் நாம் தொடும் பெட்டியைப் பொறுத்துப் பரிசு மாறும். ஆனால் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதை அறிய வழியில்லை. இரண்டிலும் சராசரி முன்பே எழுதப்பட்டதுதான். தொட்டு முடித்ததும் மற்றப் பெட்டிகளையும் திறந்து காட்டி, "இதோ, ஆயிரத்தை விட்டுவிட்டாய்" என்று ஆசை மூட்டும் இயந்திரங்களும் உண்டு. திரையின் மேலே பானையில் காசு நிரம்பிக்கொண்டே வரும். இன்னும் கொஞ்சம் ஆடினால் உடையும் என்று தோன்றும். பல இயந்திரங்களில் அந்தப் பானை வெறும் அலங்காரம்.

எலன் லாங்கர் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1975-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு டாலர் லாட்டரிச் சீட்டைச் சிலருக்குக் கையில் கொடுக்கச் செய்தார். சிலரைத் தாமே பொறுக்கி எடுக்கச் சொன்னார். பிறகு அதைத் திருப்பி விற்கக் கேட்டபோது, கையில் கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாக இரண்டு டாலருக்குச் சற்றுக் குறைவாகக் கேட்டனர். தாமே பொறுக்கியவர்களோ எட்டரை டாலருக்கு மேல் கேட்டனர்! சீட்டின் தகுதி ஒன்றுதான். தன் கை பட்டது என்ற மயக்கமே விலையை ஏற்றியது. அந்த மயக்கத்தைத்தான் போனஸ் சுற்று காசாக்குகிறது.

தோழர்களே! கைத்திறன் என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பால் வெட்டும் கத்தி சற்று ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். மேலாகப் போனால் மங்கு நிறையாது. நம் கையின் அளவு அறிந்து மரம் பால் தருகிறது. இயந்திரத்துக்கு நம் கை தெரியாது. முப்பது ஆண்டு ஆடியவருக்கும் முதல்நாள் ஆடியவருக்கும் அந்தப் பெட்டி ஒன்றே.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. ஒரு வெள்ளி கட்டி முப்பது காசு திரும்பினாலும் வெற்றி முழக்கம் கேட்கும். எழுபது காசு தோற்றவரை வாழ்த்துகிறது இயந்திரம்! கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் இதை ஆராய்ந்து, இத்தகைய தோல்விக்கும் உண்மை வெற்றிக்கும் ஆடுபவரின் உடல் ஒரே மாதிரி கிளர்ச்சி கொள்வதைக் கண்டனர். ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் அதே ஆண்டில், இயந்திரங்களில் செலவாகும் பணத்தில் சுமார் 40 விழுக்காடு சூதில் சிக்குண்டு தவிப்போருடையது என மதிப்பிட்டது. அப்படியானால் இந்த வாணிபம் யாருடைய கண்ணீரில் நடக்கிறது?

நம் நாட்டில் உரிமம் பெற்ற கேசினோ கெந்திங் மலையில் 1971 முதல் இருக்கிறது. சிங்கப்பூரில் 2010-இல் இரண்டு திறக்கப்பட்டன. இன்று மலையேறவும் தேவையில்லை. பாலம் கடக்கவும் தேவையில்லை. இயந்திரமே கைப்பேசிக்குள் புகுந்து லயத்துக்கு வந்துவிட்டது.

தடுக்க முடியாததா இது? பிற நாடுகள் செய்து காட்டியிருக்கின்றன. நார்வே 2007-இல் பழைய இயந்திரங்களை அகற்றியது; பின்னர் அரசு நிறுவனம் வைத்த இயந்திரங்களில் இழப்புக்கு வரம்பு கட்டியது. இணையவழி இயந்திர ஆட்டங்களில், கட்டியதற்கு மேல் வராதபோது வெற்றி ஒலி எழுப்புவதையும், முடிவு தம் கையில் இருப்பதாக மயக்கும் அம்சங்களையும் பிரிட்டன் 2021-இல் தடை செய்தது. சிங்கப்பூரில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நாள் நுழைவுக் கட்டணம் 2019-இல் நூறிலிருந்து 150 சிங்கப்பூர் வெள்ளியாக உயர்ந்தது. குடும்பத்தார் விண்ணப்பித்து ஒருவரைக் கேசினோவுக்குள் விடாமல் தடுக்கவும் அங்கே வழியுண்டு.

நாமும் கேட்போம். தோல்விக்கு மேளம் கொட்டாதே! மணிக்கு எவ்வளவு போயிற்று என்பதைத் திரையில் காட்டு! இழப்புக்கு வரம்பு கட்டு! மனைவியும் பிள்ளைகளும் முறையிட்டால் கதவை மூடு! 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். கூட்டிய கூலி வீடு வந்து சேர வேண்டும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்த அறிவு நமக்கும் வேண்டும்.

சிக்கிக்கொண்ட தோழரை ஏசாதீர்கள். நன்கு படித்தவர்கள் கூடி வகுத்த கண்ணியில் அகப்பட்டவர் அவர். கடனை மறைக்காமல் பேசச் செய்யுங்கள். சம்பளத்தை வீட்டாரிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள், தனியே விடாதீர்கள்.

துன் சம்பந்தன் 1960-இல் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தோட்டத் தொழிலாளர் சிறுகச் சிறுகப் போட்ட வெள்ளிதான் தோட்டங்களையே வாங்கியது. அதே வெள்ளிதான் இன்று திரையில் விரலால் தொட்ட இடத்தில் மறைகிறது. நம் போனஸ் உழைப்பில் இருக்கிறது, ஒற்றுமையில் இருக்கிறது. அதைப் பெட்டிக்குள் தேட வேண்டாம்.