லாரி பேக்கரும் அப்பத்தாவின் மாட்டுக்கொட்டாயும்

போன மாதம் ராசிபுரம் பக்கம் ஒரு புதுமனை புகுவிழா. உறவுக்காரப் பையன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, தாத்தா காட்டில் தோட்டத்து வீடு கட்டியிருக்கிறான். பூசாத செங்கல் சுவர், அதில் கட்டம் கட்டமாக ஓட்டைகள். பந்திக்குப் போக விடாமல் ஒவ்வொரு ஓட்டையாகக் காட்டினான். "மாமா, இது லாரி பேக்கர் ஸ்டைலுங்க. காத்து எப்பிடி வருது பாருங்க. வெள்ளக்காரன் மூளையே தனிங்க!"

பக்கத்தில் நின்றவர் நாமக்கல்லில் முப்பது வருஷம் லாரி ஓட்டிய பெரியவர். பையன் நகர்ந்ததும் என் காதோரம் கேட்டார்: "ஏனுங்க, லாரி பேக்கர்னா அது எந்த ஊரு லாரி ஆபீசுங்க?" அன்றைக்கு அந்த வீட்டில் கேட்கப்பட்ட ஒரே நியாயமான கேள்வி அதுதான்.

அந்தச் சுவரை நான் ஐந்து வயதிலேயே பார்த்துவிட்டேன். சேந்தமங்கலம் பக்கம், கொல்லிமலை அடிவாரத்தில், எங்கள் அப்பத்தாவின் மாட்டுக்கொட்டாயில். நாட்டுச் செங்கல், ஒரு கல் வைத்து ஒரு கல் விட்டு, மேல் வரிசையில் அதையே மாற்றி வைத்துக் கட்டியிருப்பார்கள். காலையில் வெயில் துண்டு துண்டாக வந்து எருமை முதுகில் விழும். ஒரு ஓட்டையில் பால் அளக்கும் உழக்கு, இன்னொன்றில் சிம்னி விளக்கு, அடுப்படிப் பக்கத்து ஓட்டையில் யாருக்கும் தெரியாது என்று அப்பத்தா நம்பிய மூக்குப்பொடி டப்பா. எதுக்கு அப்பத்தா ஓட்டை என்றால், "அடைச்சுக் கட்டுனா மாடு வெந்து போயிராதாடா? கல்லும் மிச்சமாவுதில்ல" என்பார். காற்று, வெளிச்சம், சிக்கனம் என்று அந்தப் பையனின் ஆர்க்கிடெக்ட் நாற்பது பக்கத்துக்குப் படம் போட்டுக் கொடுத்திருக்கும் தத்துவம் மொத்தமும் இந்த ஒரு வரிதான். அப்பத்தா இதற்கு ஃபீஸ் வாங்கவில்லை.

பேக்கர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. 1917இல் பர்மிங்காமில் பிறந்த மனுஷன், 1945இல் தொழுநோய் மருத்துவமனைகளுக்குக் கட்டடம் கட்ட இந்தியா வந்தார். பித்தோராகர் மலைப்பக்கம் பல வருஷம் இருந்தார், கடைசியில் திருவனந்தபுரத்தில் தங்கிவிட்டார். தம்பானூரில் பஸ் இறங்கினால் எதிரே சுருள் சுருளாக ஏறும் செங்கல் கோபுரத்துக்குள் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறதே, அது அவர் கட்டியது. வீட்டுக்கு வேண்டிய சாமான் சுற்று வட்டாரம் ஐந்து மைலுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னதைக் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். படித்து வந்த படிப்பு செல்லவில்லை, மலைக் கிராமத்து ஜனங்கள் கட்டுவதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அவர் ஊர்க்காரனிடம் கற்றேன் என்றார். நம்மாள் அவரிடம் கற்றேன் என்கிறான். நடுவில் ஊர்க்காரன் எங்கே போனான்?

இதில் பெரிய வேடிக்கை எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தவைத்து, நடுவில் பொந்து விட்டுக் கட்டுவது. கால்வாசிக் கல் மிச்சமாகும், உள்ளே காற்று நிற்பதால் சூடும் இறங்காது. பேக்கரின் முத்திரை என்று எல்லாரும் வாய் பிளக்கும் இந்தக் கட்டு, அவர் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே இங்கிலாந்தில் புழங்கியது. யார் கட்டினார்கள்? கல் வாங்கக் காசில்லாதவர்கள். எதற்குக் கட்டினார்கள்? கூலிக்காரர் குடிசைக்கும், தோட்டத்துக் கொட்டகைக்கும். அங்கேயும் அது மாட்டுக்கொட்டாய்தான்! வெள்ளைக்கார மாடு என்பது மட்டும் வித்தியாசம்.

பையன் கட்டிய வீட்டுக்குச் செங்கல் கர்நாடகத்திலிருந்து லாரியில் வந்தது. வீட்டு மாடியில் நின்று பார்த்தால் நம்மூர்ச் சூளைப் புகை தெரிகிறது. கேட்டால், "அந்தக் கல்லுல ஃபினிஷிங் வராதுங்க மாமா" என்கிறான். செலவைக் கேட்டேன். சொன்ன தொகைக்குச் சேலத்தில் இரண்டு வீடு வாங்கலாம். ஏழைக்கென்று ஒருவர் வாழ்நாள் முழுக்கக் கட்டிக் காட்டியதை, பணக்காரன் தோட்டத்து அலங்காரமாக்க நம்மால்தான் முடியும். அப்பத்தாவின் மாட்டுக்கொட்டாய்க்கு ஐந்து மைல் கூடத் தேவைப்படவில்லை. ஏரி மண், பக்கத்துக் காளவாய், முடிந்தது.

இந்த வெள்ளைக்கார மோகம் என்ற வியாதி நம் வார்த்தையிலேயே இருக்கிறது. சீமை ஓடு, சீமை எண்ணெய், சீமைப் பசு. எதற்கு முன்னால் சீமை ஒட்டினாலும் மவுசு. அந்தச் சீமை ஓடு மங்களூரில் நம்ம களிமண்ணில் வெந்தது. அதைத் தொடங்கிய பாசல் மிஷன்காரர்கள் இங்கிலீஷ்காரர்கள் கூட இல்லை. பரவாயில்லை, தோல் வெள்ளை, அது போதும். புல்லட்டில் இங்கிலாந்துக் கொடி ஒட்டிக்கொண்டு ஏற்காடு ஏறும் பிள்ளைகளைப் பாருங்கள். இங்கிலாந்தில், ரெட்டிச் நகரத்தில் அந்த வண்டியைச் செய்த கம்பெனி மூடி அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. 1955இலிருந்து அந்த வண்டியை உயிரோடு வைத்திருப்பவன் மெட்ராஸ்காரன். அந்த வண்டி உருவான திருவொற்றியூருக்கு ஒரு கொடி அச்சடித்து ஒட்டச் சொல்ல வேண்டும். நாமக்கல்லில் லேலண்ட் சேசிஸுக்கு மேலே தொட்டி கட்டி, கேபின் கட்டி, பின்பலகையில் திருஷ்டிப் பூதம் எழுதுகிறவருக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'ஆசாரி', 'பெயிண்டர்'. டிசைனர் என்று சொன்னால் நாக்கு வெந்துவிடும்.

சேலத்துக்காரர்களுக்கே மறந்துபோன ஒரு கதை உண்டு. ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் என்ற துரை, கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் வாத்தியார். மெட்ராஸ் ஓவியப் பள்ளியை அவர் கையில் கொடுத்தபோது, ஓவியப் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் அடிக்க வைத்த மகான்! நம் கல்சட்டியும் வெண்கலப் பானையும் பரணுக்குப் போன கதை அங்கே ஆரம்பிக்கிறது என்பது என் கட்சி. (இப்போது அதே கல்சட்டியை ஆன்லைனில் நாலு மடங்கு விலைக்கு வாங்கி, 'ஆர்கானிக்' என்கிறோம்.) அந்தத் துரை 1906இல் சேலத்தில் அரசாங்கச் செலவில் ஒரு நெசவாலை வைத்தார். நெசவாளியை ஒரே கூரைக்குள் உட்கார வைத்து, மணியடித்து வேலை வாங்கி முன்னேற்றிவிட வேண்டும் என்று எண்ணம். நெசவாளிக்கு அது பிடிக்கவில்லை. வீட்டுக் குழித்தறியில், பொண்டாட்டி பிள்ளைகள் நூல் சுற்றித் தர, தன் இஷ்டத்துக்கு நெய்து பழகியவன் மணிக்குக் கட்டுப்படுவானா? 1910இல் லண்டனிலிருந்தே உத்தரவு வந்து ஆலையை மூடினார்கள். அம்மாப்பேட்டையிலும் குகையிலும் தறிச் சத்தம் அதற்குப் பிறகும் கேட்டது. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அந்த வேட்டிக் கரையை முதலில் யார் யோசித்தது? எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை. துரையின் பெயர் மட்டும் பத்திரமாக இருக்கிறது. மாட்டுக்கொட்டாய் கட்டிய கொத்தனார் பெயரும் அப்படித்தான், அப்பத்தாவோடு போய்விட்டது.

விருந்து முடிந்து கை கழுவப் பின்பக்கம் போனேன். சமையல் பந்தலுக்கு ஓரமாக, தாம்பாளத்தில் கொடுத்த வேட்டி துண்டை மடியில் வைத்துக்கொண்டு மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். வாசலில் கருங்கல் பலகையில் ஆர்க்கிடெக்ட் பெயர் செதுக்கியிருக்கிறது, அதற்கு மேலே பேக்கருக்கு ஒரு நன்றி கூட. மேஸ்திரி பெயர் இல்லை. "எப்படிங்க கட்டுனீங்க அந்த ஓட்டைச் சுவரை?" என்றேன். சிரித்தார். "படத்துல ஓட்டையெல்லாம் ஒரே நேரா இருந்துச்சுங்க. அப்பிடியே கட்டுனா சுவர் வாங்கிருமுங்க. எங்கய்யன் கோழிக்கொட்டாய்க்குக் கட்டுவாரு, அந்த மாதிரி மாத்தி மாத்தி வச்சுட்டேன். சாரு பாத்துட்டு இதாங்க பேக்கர்னாரு."

இவ்வளவு பேசுகிற நானும் யோக்கியன் இல்லை. அப்பத்தாவின் மாட்டுக்கொட்டாயை இடித்தவன் நான்தான். கார் நிறுத்த தகர ஷெட் போட்டேன். கல் இரண்டு டிராக்டர் லோடு வந்தது. வாசல் பள்ளத்தில் கொட்டி நிரவிவிட்டோம்.